பூட்டிய அலமாரிக்கு வெளியே அறிவியல்

நம் வயதுக்காரர்கள் எந்த உயர்நிலைப்பள்ளியில் படித்திருந்தாலும் அந்த அலமாரியை மறந்திருக்க மாட்டார்கள். அறிவியல் அறையின் மூலையில் நிற்கும். முன்பக்கம் கண்ணாடி, நடுவில் ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே பியூரெட், பிப்பெட், முப்பட்டகம், காந்த ஊசி, தராசு, ஒரு பாட்டிலில் ஸ்பிரிட்டில் ஊறும் பாம்பு. மாணவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றால் முதல் நாள் திறந்து தூசி தட்டுவார்கள்.

ஏன் பூட்டி வைத்தார்கள்? ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு எழுத்தராக இருந்தவன் நான். இருப்புப் பதிவேடு எழுதுவதும் சரிபார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் எனக்குத் தெரிந்த காரணம் வேறு.

ஒரு பொருள் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது யாராவது ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். உடைந்தால் அவர் விளக்கம் எழுத வேண்டும். தள்ளுபடி செய்ய மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வரும்வரை தணிக்கைத் தடை அப்படியே நிற்கும். மாற்றலாகிப் போகும்போது சார்ஜ் லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் கையில் கண்ணாடிக் குழாயைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் இரண்டாவது உடையும். மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? அலமாரியைப் பூட்டிவிட்டுக் கரும்பலகையில் பியூரெட் படம் வரைவார். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைவார்கள்.

விதியைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் பேரேடு எழுதிய கண்ணோடு பள்ளி அறிவியலின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. பிள்ளைகளின் கைக்கு நிஜமாகவே போய்ச் சேர்ந்த கருவிகள், பதிவேட்டில் ஏற்றும் அளவுக்குக்கூட விலை இல்லாதவை. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

குண்டு விழுந்த பள்ளிகளில் பிறந்த புத்தகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவில் எத்தனையோ பள்ளிகள் இடிந்து கிடந்தன. சோதனைச் சாலைகள் போன இடம் தெரியவில்லை. கருவிகளை வாங்கப் பணமும் இல்லை, செய்து கொடுக்கத் தொழிற்சாலையும் இல்லை. அந்த நேரத்தில் யுனெஸ்கோ ஒரு சிறு நூலை வெளியிட்டது. ஆண்டு 1948. எழுதியவர் ஜே. பி. ஸ்டீபன்சன் என்ற லண்டன் பள்ளி ஆசிரியர். போரால் அழிந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கான யோசனைகள் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். காலி டப்பா, மைக்கூடு, கம்பி, மெழுகுவத்தி, தக்கை ஆகியவற்றை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று சொன்ன நூல் அது.

போரில் அழிந்த நாடுகளுக்காக எழுதியது, அலமாரியே இல்லாத நாடுகளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. ஆசியா, ஆப்பிரிக்காவின் ஆசிரியர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். யுனெஸ்கோ அதை விரித்து, 1956-ல் அறிவியல் ஆசிரியருக்கான பெரிய கையேடாக வெளியிட்டது. அது பல பதிப்புகள் கண்டு, பல மொழிகளுக்குப் போனது. ஃபியூஸ் போன மின்விளக்கின் அடியைத் தட்டி எடுத்துவிட்டுக் குடுவையாக்குவது, மைக்கூட்டில் திரி போட்டுச் சாராய விளக்கு செய்வது என்றெல்லாம் பின்னாளில் நம் ஊர் ஆசிரியர்கள் செய்த வித்தைகள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதான்.

இங்கே என் பள்ளிப் படிப்பைப் பற்றி நாலு வரி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களின் தொடக்கப் பள்ளியில் ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. தமிழில் ‘பொருட்பாடம்’ என்று சொல்லலாம். 1880-களில் ழூல் ஃபெர்ரி காலத்துக் கல்விச் சட்டத்தோடு நிலைபெற்ற முறை அது. ஒரு நத்தை, ஒரு மெழுகுவத்தி, ஒரு சுண்ணாம்புக் கல் இப்படி ஏதாவது ஒன்று மேசைக்கு வரும். முதலில் பார்க்க வேண்டும், தொட வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். விதி, சூத்திரம் எல்லாம் அதற்குப் பிறகு.

முறை நல்லதுதான். ஆனால் புத்தகம் பாரிஸில் அச்சானது. நண்பகலில் சூரியன் தெற்கே நிற்கும் என்று அதில் இருக்கும். பாரிஸுக்கு அது ஆண்டு முழுதும் உண்மை. புதுச்சேரியில் மே மாதம் நண்பகலில் வெளியே போய் நின்றால் நிழல் தெற்கே விழும். அதாவது சூரியன் வடக்கே. பொருளைப் பார் என்று சொல்லிக் கொடுத்த பாடம், எந்த ஊர்ப் பொருளை என்று யோசிக்கவில்லை. மதுரைக்கு வந்து வாழ்க்கையைக் கழித்த பிறகும் இந்த நிழல் விஷயம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்தப் பொருட்பாடமும் பிரான்சில் காலப்போக்கில் புத்தகப் பாடமாக உலர்ந்துபோனது. 1992-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷர்பக், 1996-ல் ‘மாவில் கை’ என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து தங்கள் நோட்டில் தங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்றார். பணக்கார நாட்டுக்கே நூறு ஆண்டுக்கு ஒருமுறை இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சொல்லும் ஒரு கருவிதான்

நம் பக்கத்தில் கருவிக்கு முன்னால் இன்னொரு தட்டுப்பாடு இருந்தது. அது சொல். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு முதலில் செயலில் பதில் சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் சாமுவேல் கிரீன். யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த யாழ்ப்பாண மிஷனின் கிளையாகத்தான் 1834-ல் மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்தது. அமெரிக்கன் கல்லூரியின் வேரும் அதுதான்.

1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்க ஒரு சங்கம் அமைத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். வக்கீல் தொழில் செய்த பெ. நா. அப்புசாமி தம் நீண்ட ஆயுளின் பெரும்பகுதியைத் தமிழில் அறிவியல் எழுதவே செலவிட்டார். பெரியசாமித் தூரன் பொறுப்பில் தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அடுத்துக் குழந்தைகளுக்கும் ஒரு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. ‘அடர்த்தி’, ‘முடுக்கம்’, ‘ஒளிச்சேர்க்கை’ என்று இன்று கிராமத்துப் பிள்ளை தயங்காமல் சொல்கிறது. அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பலருடைய உழைப்பு இருக்கிறது. சொல்லை அலமாரியில் பூட்ட முடியாது என்பது இதில் ஒரு வசதி.

தீப்பெட்டிக் குச்சியும் வால்வு டியூபும்

சுதந்திர இந்தியாவில் இந்த அலமாரிக்கு நேரடியாகப் பதில் சொன்ன முயற்சி மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் நடந்தது. 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் ஊரக மையம் என்ற இரண்டு அமைப்புகள் முன்னின்றன. 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, தாங்களே சோதனை செய்து, முடிவைத் தாங்களே எழுதினார்கள். பாடப்புத்தகமே கேள்விகளால் ஆனது. விடை அதில் இருக்காது. சில ஆண்டுகளில் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு பொறுப்பேற்றது.

கணக்கெழுதியவன் என்ற முறையில் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் இரண்டு. ஒன்று, பெட்டியில் இருந்த பொருள்கள் உடைந்தும் தீர்ந்தும் போகும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு, திரும்ப நிரப்ப ஏற்பாடு செய்தார்கள். இரண்டு, தேர்வையும் சேர்த்து மாற்றினார்கள். பிள்ளைகள் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை என்றால் மனப்பாடம் செய்யச் சொல்ல யாருக்கும் ஆசை வராது. முப்பது ஆண்டு நடந்த திட்டத்தை 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. ஆனால் விதை அதற்குள் பரவிவிட்டது.

அந்த விதையைச் சுமந்தவர்களில் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். 1978-ல் வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் போனார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணம், சதுரம், கூம்பு என்று வடிவங்கள் செய்து காட்டினார். முக்கோணத்தை அழுத்தினால் அசையாது. சதுரத்தை அழுத்தினால் சாயும். நம் வீட்டு ஓட்டுக் கூரையின் கைமரம் ஏன் முக்கோணமாக நிற்கிறது என்பது ஐந்து பைசாவில் விளங்கிவிடும். அவருடைய புத்தகங்கள் தமிழிலும் வந்தன.

தமிழ்நாட்டில் 1980-ல் அறிவியல் இயக்கம் தொடங்கியது. 1987-ல் அதுவும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து சிறுவர்களுக்கான ‘துளிர்’ மாத இதழைக் கொண்டுவந்தன. நான் பிறந்த ஊரும் நான் வாழும் ஊரும் சேர்ந்து செய்த காரியம் என்று எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை. சோதனைகளைச் செய்து பார், ஏன் என்று கேள் என்று தமிழில் சொன்ன இதழ். தபாலில் வரும், அலமாரிக்குப் போகாமல் நேரே பிள்ளை கைக்குப் போகும்.

மதுரையே ஒரு சோதனைச் சாலை

இனி நம் ஊருக்கு வருகிறேன். மதுரையும் சுற்றியுள்ள சமவெளியும் ஓர் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியருக்கு என்ன கொடுக்கும்? எனக்குத் தெரிந்த நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது மண்பானை. ஒரு மண்பானையிலும் ஒரு எவர்சில்வர் குடத்திலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெப்பமானி வைத்துப் பார்த்தால் பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இதைப் பங்குனியில் ஒருமுறையும் ஐப்பசி அடைமழையில் ஒருமுறையும் செய்ய வேண்டும். ஐப்பசியில் வித்தியாசம் குறைவாக இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

இரண்டாவது ஐஸும் உப்பும். ஜிகர்தண்டா ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மரவாளியில் ஐஸைப் போட்டு, கல் உப்பைத் தூவி, நடுவில் உள்ள டப்பாவைக் கையால் சுற்றிப் பாலை ஐஸ்கிரீமாக்கியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் உறைவது 0 டிகிரியில். உப்புச் சேர்ந்தால் உறைநிலை இறங்கும். சரியான விகிதத்தில் கலந்தால் கழித்தல் 21 டிகிரி வரைகூடப் போகும். வெறும் ஐஸில் வைத்த பால் ஏன் கட்டியாகவில்லை, உப்புப் போட்டதும் ஏன் ஆனது என்று கேட்டால் ஒரு வகுப்பு முழுதும் ஓடும்.

மூன்றாவது மிருதங்கம். சாதாரண முரசைத் தட்டினால் ஓசைதான் வரும், சுருதி நிற்காது. தோலில் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக அமையாததே காரணம். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கருப்புச் சோறு அந்த மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை அளந்து 1920-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் சி. வி. ராமனும் ஒரு சக ஆய்வாளரும் எழுதினார்கள். எட்டு ஆண்டு கழித்து ராமன் விளைவைக் கண்டறிய அவருக்குத் தோள்கொடுத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கல்லூரிப்படிப்பும் படித்தவர். அந்தத் தொடக்கச் சோதனைகளில் அவர்கள் பயன்படுத்திய ஒளி, சூரிய வெளிச்சம். பார்த்த கருவி, அவர்கள் கண். நடுவில் சில வண்ணக் கண்ணாடிகள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தைரியம் சொல்ல முடியாது.

நான்காவதுதான் நான் பின்னால் வருகிறேன் என்று சொன்ன நிழல். மதுரை வடக்கே ஏறத்தாழ 9.9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அப்போது செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த நாள்கள் ஏப்ரல் 15, 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும் வருகின்றன. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் சித்திரையில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய 12 மணி 17 நிமிடம் ஆகும். இந்த 17 நிமிடம் ஏன் என்ற கேள்வியே பூமி சுழல்வதைப் பற்றிய ஒரு பாடம்.

இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். ஆக்ரா நகரம் ஏறக்குறைய மதுரைக்கு நேர் வடக்கே, அதே 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. மதுரையில் நிழல் மறையும் அதே நேரத்தில் ஆக்ராவில் ஒரு மீட்டர் குச்சி நட்டால் 31 சென்டிமீட்டர் நிழல் விழும். அப்படியானால் அங்கே சூரியன் உச்சியிலிருந்து சுமார் 17.25 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 1,910 கிலோமீட்டர். 17.25 டிகிரிக்கு 1,910 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? போட்டுப் பாருங்கள், 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். அதுதான் பூமியின் சுற்றளவு. 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் இரண்டு ஊர் நிழலை வைத்துச் செய்த கணக்கும் இதுவே.

இதே தீர்க்கரேகையை ஒட்டித்தான், 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே இந்தியாவை அளந்துகொண்டு போனார். அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமானது. அந்தத் துல்லியம் நாட்டுக்கு வேண்டியிருந்தது, சரி. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு குச்சியும் ஆக்ராவில் ஒரு பள்ளியும் செல்போனும் போதும். குச்சி உடைந்தால் யாரும் விளக்கம் எழுத வேண்டாம்.

இன்றைய கணக்கு

இப்போது நிலைமை மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. 2022 நவம்பரில் திருச்சியில் ‘வானவில் மன்றம்’ தொடங்கி, 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் நேரே போகிறார்கள். நல்ல காரியம். கருவி பள்ளியில் தங்காமல் ஊர் ஊராக நகர்வதால் பூட்டும் வேலை குறைகிறது.

என் கவலை எட்டாம் வகுப்புக்கு அப்புறம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் பொதுத்தேர்வு பயம் வந்துவிடும். செய்முறைக்கு 25 மதிப்பெண் இருந்தாலும், ரெக்கார்டு நோட்டை முன்னால் படித்தவர்கள் நோட்டைப் பார்த்து எழுதினால் அதுவும் மனப்பாடமாகிவிடும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து முதல் தலைமுறைப் பிள்ளைக்கு டியூஷன் இல்லை, வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைவிட அதிகமாக இருப்பது ஒன்றே ஒன்று: கிணறு, கமலை இருந்த இடம், வயல், பானை, ஆடு, வானம். அதைப் பார்த்து ஏன் என்று கேட்கும் பழக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை யாருக்கும் பின்தங்காது. அதற்கு மதிப்பெண் இல்லையென்றால், கையில் இருக்கும் அந்த ஒரே சொத்தும் வீண்.

வினாத்தாளை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருக்கிறது. வரும் சித்திரை மூன்றாம் நாள் வாக்கில் பள்ளி விடுமுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பேரன் பேத்தியையும் தெருப் பிள்ளைகளையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். பன்னிரண்டு மணியிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். சூரியனை நேரே பார்க்க யாரையும் விடாதீர்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். 12 மணி 17 நிமிடத்துக்கு அவர்களே கத்துவார்கள்.